அத்தையின் வெள்ளி மோதிரம்

எங்கள் வீட்டில் மஞ்சளாக மின்னினால்தான் தங்கம். சாமியறையின் பித்தளைக் குத்துவிளக்குக்குக் கிடைத்த மரியாதைகூட என் அத்தையின் மோதிரத்துக்குக் கிடைக்கவில்லை. அது வெள்ளைத் தங்கம். நடுவில் நீள்வட்டமாக ஒரு சந்திரகாந்தக் கல், அதன் இருபக்கமும் கடுகளவு வைரங்கள். விரலைச் சாய்த்தால் கல்லுக்குள் நீல வெளிச்சம் ஒன்று மெல்ல நகரும். இதெல்லாம் இன்றைக்கு எனக்குத் தெரிந்து சொல்கிறேன். அன்றைக்கு மாத்தளைக்குப் பக்கத்தில் யட்டவத்தையில் எங்கள் வீட்டாருக்கு அது வெள்ளி மோதிரம், கண்ணாடிக் கல், அவ்வளவுதான்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. குவைத்தில் ஒரு வீட்டில் நாலு வருடம் வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயதிருக்கும். அவள் பெட்டியைத் திறந்த அன்று அக்கம்பக்கமெல்லாம் எங்கள் வீட்டில்தான். எனக்குப் பென்சிலோடு வாசனை வரும் அழிறப்பர், அண்ணனுக்குக் கைக்கடிகாரம், அம்மாவுக்கு வழுக்கிக்கொண்டு போகும் சேலை. கடைசியில் அவளுடைய சங்கிலியையும் வளையல்களையும் அப்பா உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு மோதிரத்தைக் கவனித்தார்.

"இது என்ன புள்ள, வெள்ளியா?"

அத்தை ஒரு நொடி அவரைப் பார்த்தாள். "ஆமாண்ணே, வெள்ளிதான். மேடம் குடுத்தாங்க."

"நாலு வருசம் மாடா ஒழச்சதுக்கு வெள்ளியும் கண்ணாடியும்தானா?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்தாள்.

எங்கள் வீட்டில் கெட்டவர்கள் யாரும் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மா இப்போதும் கோபித்துக்கொள்வாள். அப்பா கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். எந்த நாளும் கையைக் கடிக்கும் வியாபாரம். அத்தையின் சங்கிலி அந்த மாதமே அடகுக்குப் போய் எங்கள் கூரைக்குத் தகரமாக வந்தது. வளையல்கள் மிளகு மூட்டைகளாக மாறின. ஒவ்வொரு தடவையும் அப்பா, "ஒன் கல்யாணத்துக்குள்ள மீட்டுத் தந்துருவேன் புள்ள" என்பார். மனதாரத்தான் சொல்வார். மனதாரச் சொல்கிறவரிடம் என்னத்தைப் பேசுவது! அத்தை கழற்றிக் கழற்றிக் கொடுத்தாள். மோதிரத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அத்தை அந்த இரகசியத்தைச் சொன்னாள். குவைத்தில் மேடத்தின் மகளுக்குக் கல்யாணம். அலங்காரம் செய்ய வேண்டியவள் வரவில்லை. வீடே கலங்கி நின்றபோது அத்தை தானே பெண்ணை உட்காரவைத்துக் கொண்டை போட்டு, மை தீட்டி முடித்துவிட்டாள். மேடம் மகளைப் பார்த்து அழுதுவிட்டு, தன் விரலில் இருந்ததைக் கழற்றி அத்தைக்குப் போட்டாளாம்.

"இது வெள்ளி இல்லடி. வெள்ளத் தங்கம். இந்தச் சின்னக் கல்லெல்லாம் வைரம். பெரிய கல்லு நம்ம நாட்டுல தோண்டினதாம்."

"தங்கம் எப்படி அத்த வெள்ளையா இருக்கும்?"

"அங்க இருக்கு. நீ யார்கிட்டயும் சொல்லிராத."

அதைக் கொழும்பில் விற்று, மாத்தளை டவுனில் ஒரு அறை எடுக்கப் போகிறாளாம். பெரிய கண்ணாடி, சுழலும் நாற்காலி, மணப்பெண் அலங்காரம் என்று வெளியே ஒரு பலகை. இனி யார் வீட்டுக் கோப்பையும் கழுவ வேண்டியதில்லை. மாத்தளையில் விற்க முடியாது, எந்த நகைக்கடைக்குப் போனாலும் மத்தியானத்துக்குள் அப்பா காதுக்கு வந்துவிடும். கொழும்புக்கோ, யுத்தம் நடக்கையில் தமிழ்ப் பெண் தனியாகப் போகும் காலமா அது? இன்று குண்டு வெடித்தது, நாளை சுற்றிவளைப்பு, மறுநாள் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள் என்று ஏதாவது ஒன்று. "அடுத்த மாசம் நெலம சரியாகும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. விசுவாசம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அத்தை மேல் பரிதாபம். வெள்ளை நிறத்தில் தங்கம் இருக்கிறது என்று அந்த அரபுக்காரி சொன்னாளாம், இவள் நம்பிவிட்டாளாம்! இவ்வளவு பெரிய பெண் இப்படி ஏமாந்ததை வெளியில் சொன்னால் அவளுக்குத்தானே வெட்கக்கேடு.

பல வருடங்களுக்குப் பிறகு, என் கல்யாணத்துக்கு நகை எடுக்கக் கொழும்புக்குப் போனோம். கடையில் ஒரு பெட்டி நிறைய வெள்ளைத் தங்கம். விலையைக் கேட்டுவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். விலையைப் பார்த்து மயக்கம் என்று நினைத்துக் கடைக்காரர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அத்தை திரும்பி வந்த அந்த வருடமே அண்ணன் மிளகுச் சுமையோடு தம்புள்ளைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் பிடிபட்டான். அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான், பேச்சு தமிழ், வேறென்ன வேண்டும்? அத்தையின் தோடுகள் வக்கீலுக்குப் போயின. ஆனால் அண்ணனை மீட்டுக் கொடுத்தவர் அப்பாவிடம் மிளகு வாங்கும் கலேவெல ஊர் முதலாளி. சிங்களவர். தானே பொலிசுக்குப் போய், இது எங்கள் பையன், நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தார். ஒரு சதம் வாங்கவில்லை.

அவருடைய மகளுக்குக் கல்யாணம் வந்தது. "நம்ம புள்ளய மீட்டுக் குடுத்த மனுசன். வெறுங்கையோட எப்படிப் போறது?" என்று அப்பா தலையில் கைவைத்தார். வீட்டில் மஞ்சளாக இருந்ததெல்லாம் அடகில். அம்மாவின் கண் அத்தையின் விரலில் போய் நின்றது.

"இந்த மோதிரத்தக் குடுப்போமே. வெள்ளின்னாலும் கல்லு பாக்க அழகா இருக்கு."

அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அது பழசு அண்ணி."

"தேச்சுக் கழுவினா புதுசுதான்."

"கழறாது அண்ணி, இறுகிப்போச்சு."

அம்மா எழுந்துபோய் உடுப்புக் கழுவும் சவர்க்காரத்தையும் ஒரு செம்புத் தண்ணீரையும் கொண்டுவந்தாள். அத்தையின் கையைத் தன் மடியில் வைத்து நுரை வரத் தேய்த்தாள். அண்ணன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். "ஒரு வெள்ளி மோதிரத்துக்கு இந்தப் பாடா? ஒனக்கு நான் தங்கத்துலயே செஞ்சு போடுறேன் புள்ள" என்றார் அப்பா.

"அண்ணே..." என்றாள் அத்தை.

"என்ன புள்ள?"

தங்கம் என்று சொன்னால் அடுத்த நாளே அடகுக்கடை. அதோடு, ஏன் மறைத்தாய், எங்களை என்ன திருடர் என்று நினைத்தாயா என்று அப்பா கேட்டிருப்பார், அம்மா அழுதிருப்பாள். சொல்லாவிட்டால் மோதிரம் கலேவெலக் கல்யாணத்துக்கு. எதைச் சொல்லிக் காப்பாற்றினாளோ அதுவே அவள் வாயைக் கட்டிவிட்டது.

"ஒன்னுமில்லண்ணே" என்றாள். மோதிரம் வழுக்கிக்கொண்டு அம்மாவின் கைக்கு வந்தது. அம்மா அதைப் பஞ்சில் சுற்றி, மாத்திரை டப்பா ஒன்றில் வைத்தாள்.

சாயங்காலம் அத்தை பீலிக்கரையில் உட்கார்ந்திருந்தாள். விரலில் சவர்க்காரம் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவள் கழுவவில்லை. சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னேன்.

"அழாதீங்க அத்த. அது நெசமா வெள்ளிதான். அந்த மேடம் ஒங்கள ஏமாத்திட்டாங்க."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு என் தலையைத் தடவிக்கொடுத்தாள். "ஆமாடி. நல்லா ஏமாத்திட்டாங்க" என்றாள். நான் சொன்னதை அவள் ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தீபாவளிக்கு முன்னால் அவள் மறுபடியும் குவைத்துக்குப் புறப்பட்டாள். வேன் வாசலில் நின்றது. அப்பா பெட்டியை ஏற்றினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, எல்லோரும் அழுகிறார்களே என்று பேச்சை மாற்றினாள்.

"இந்தத் தடவயாச்சும் மேடத்துக்கிட்ட தங்கமாக் குடுக்கச் சொல்லு புள்ள!"

எல்லோரும் சிரித்தோம். அவள் ஏமாந்த விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதானே, மற்ற எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.