மானியத்துக்கு வந்தவள்

அறுபதுகளின் கடைசியில் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். சேலத்துக்காரி. கல்யாணமாகாத பெண்ணுக்கு வீடு கொடுக்க ஊரே யோசித்து, கடைசியில் ஊர்க்கோடியில் ஓர் ஓட்டு வீட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். பகலெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பேசுவதுதான் உத்தியோகம். பொழுது சாய்ந்தால் பேச ஆள் கிடையாது. அடுப்பு புகைந்தால் அதையாவது திட்டலாம்.

அந்த வருஷம் சீமைக்கோழிக் குஞ்சுகளை மானியத்தில் கொடுத்தோம். பாதி விலை சர்க்காருடையது. ஆனாலும் மானியம் என்றதுமே எல்லாரும் நழுவினார்கள். ஒருத்தி மட்டும் வாங்கினாள். என் வயதுதான் இருக்கும். பெங்களூருக்கு வேலைக்கென்று போன புருஷன் போனவன் போனவன்தான்.

மறுநாள் சாயங்காலம் அவள் விளக்குமாற்றோடு வந்து என் வாசலைப் பெருக்கினாள். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தடுத்தாலும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். இப்படியே தினமும். அடுத்த சந்தையில் அவளுக்கென்று இன்னொரு டம்ளர் வாங்கினேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒருநாள் காய்ச்சலோடு வந்து நின்றாள்.

"உடம்பு கொதிக்குது, எதுக்குக்கா வந்தீங்க?"

"வராம முடியுங்களா? மானியம் வாங்கியிருக்கறனே. எங்க மாமனாரு ஏரி மதகு தொறந்து வுடறதுக்கு மானிய நெலம் குடுத்திருந்தாங்க. அவரு படுத்துட்டாரு, நெலத்தப் புடுங்கிக்கிட்டாங்க. கோழியும் போச்சுன்னா நான் எதை வெச்சுப் பொழைக்கறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஊரில் மானியம் என்றால் ஊழியத்துக்குக் கொடுத்த நிலம். எங்கள் ஆபீசில் அதே சொல்லுக்குச் சர்க்கார் உதவி என்று அர்த்தம். அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னேன்.

"இது வேற மானியம்க்கா. பதிலுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். கோழிய யாரும் புடுங்க மாட்டாங்க."

திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப நாளைக்கி வர வேணாங்களா?"

"வேலைக்கு வேண்டாம். சும்மா வாங்க."

"சும்மா எதுக்குங்க வரணும்?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

கோழிகள் நன்றாக முட்டையிட்டன. வழியில் என்னைப் பார்த்தால் மரியாதையாக ஒதுங்கி நிற்பாள். நான் மாற்றலாகிப் போகும்வரை அந்த இன்னொரு டம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது. அந்த ஊரில் மானியம் என்ற சொல்லை நான் சரியாகப் புரியவைத்தது அவள் ஒருத்திக்குத்தான்.