சப்ஜெக்ட் அக்காவின் ஒன்பது வருடங்கள்

அந்தப் பெரிய அலுவலகக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் எட்டுப் பெண்களுக்கு மேற்பார்வையாளர் அவர். எல்லாரும் கூப்பிடுவது 'சப்ஜெக்ட் அக்கா'. பெயர்க் காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தினமும் காலை ஆறு மணிக்கு யார் யார் வந்தார்கள் என்று ஒப்பந்தக் கம்பெனிக்கு மெயில் அனுப்பச் சொன்னார்கள். அக்கா மேலே இருந்த சப்ஜெக்ட் கட்டத்திலேயே, அவரவர் அடையாள அட்டை எண்ணைப் போட்டு, '1 2 3 4 6 7 8 வந்தாச்சு, 5 லீவு' என்று எழுதி அனுப்பிவிட்டார். கீழே இருந்த பெரிய வெள்ளை இடம் மேனேஜர் பதில் எழுதுவதற்கு என்று நினைத்து, மரியாதையாக விட்டுவைத்தார். ஆபீஸே சிரித்தது. அக்கா அசரவில்லை; ஒன்பது வருடமும் அப்படியேதான்.

இப்போது ஒப்பந்தம் கைமாறிவிட்டது. புதுக் கம்பெனி மேனேஜர் கறாராகச் சொன்னார்: "பழைய சர்வீஸுக்கு எழுத்துல ஆதாரம் இருந்தா வேலை தொடரும். இல்லேன்னா எல்லாரும் புது ஆளுங்கதான். மூணு மாசம் பார்ப்போம், சரிவரலேன்னா அனுப்பிடுவோம்."

பதிவேடு எங்கே என்று கேட்டால் பழைய கம்பெனி கையை விரித்தது. அக்காவின் மெயில் கணக்கும் அன்று மாலை ஐந்து மணியோடு மூடப்படுமாம். அக்கா கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஓடினார். அந்த எட்டுப் பேரின் பிழைப்பும் அதற்குள் அல்லவா இருந்தது!

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"மொத்தமா இறக்க முடியாதபடி பூட்டிட்டாங்கக்கா. ரெண்டாயிரத்து எழுநூறு மெயிலை ஒவ்வொண்ணா திறந்து பிரிண்ட் போடணும். நடக்கிற காரியமா?"

"எதுக்குத் திறக்கணும்? உள்ளதான் ஒண்ணுமே கிடையாதே!"

அனுப்பிய மெயில்களின் பட்டியலைத் திறந்தால் தேதி, நேரம், வந்தவர், வராதவர் எல்லாம் வெளியிலேயே வரிவரியாக நின்றது. பக்கத்துக்கு ஐம்பது வரி. பிரிண்டர் நடுவில் இரண்டு முறை மக்கர் செய்தது. அக்கா அதை வாய்க்கு வந்தபடி திட்டினார். நாலே முக்காலுக்கு ஐம்பத்துநாலு தாளும் கையில் வந்து, கட்டட நிர்வாகத்தின் முத்திரையும் விழுந்தது.

மறுநாள் புது மேனேஜர் துருவித் துருவிப் பார்த்தார். எட்டுப் பேருக்கும் ஒன்பது வருட சர்வீஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

மேனேஜர் பேனாவை மூடினார். "அவங்க எட்டுப் பேருக்கும் சரி. இதுல உங்க வரவு எங்கேயுமே இல்லையேம்மா? நீங்க வந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"அத்தனை நாளும் காலையில ஆறு மணிக்கு இதை அனுப்பினது யாரு சார்?"

மேனேஜர் மறுபடி பேனாவைத் திறந்தார்.