அளக்காமல் எழுதிய ஆறு மரங்கள்

நகராட்சி சாலைப் பிரிவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மில்லிமீட்டர் என்பார்கள். இருபத்தாறு வருடமாகத் தெருக்களை அளப்பவர். ஒரு முறை மழைநீர்க் கால்வாய்க்கான வரைபடத்தில் எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பதாகச் சொல்லி, போட்ட கான்கிரீட்டையே உடைக்க வைத்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வெளியில் முகம் சுளித்தாலும் உள்ளுக்குள் அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை. அவர் எழுதிக் கொடுத்த எண்ணை மறுபடி சரிபார்ப்பது நேரத்தை வீணாக்கும் வேலை என்று அந்த அலுவலகத்தில் எல்லாரும் நம்பினார்கள்.

மருத்துவமனைச் சாலையில் சைக்கிள் பாதை போட வேண்டும் என்று முடிவானபோது, அளக்கும் வேலை இயல்பாகவே அவரிடம் வந்தது. அந்தச் சாலையில் அதற்கு முந்தைய வருடம் ஒரு நர்ஸ் வேலை முடித்து சைக்கிளில் திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனாள். நடைபாதையோ பல்லாங்குழி மாதிரி கிடந்தது. சக்கர நாற்காலியில் வரும் நோயாளிகள் நடுச்சாலையில் பேருந்துகளோடு போட்டி போட்டார்கள். பாதை வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் சாலையின் ஒரு பக்கம் முழுக்கப் பெரிய மரங்கள், மொத்தம் பதினேழு.

பொறியாளர் அம்மா மரங்களை வெட்டத் துடிக்கிறவர் அல்ல. அவர் போட்ட விதி எளிமையானது. மதில் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் மூன்று மீட்டர் இருந்தால் அதில் பாதி நடைபாதை, பாதி சைக்கிள் பாதை. மரம் அப்படியே நிற்கும், கார்களையும் சைக்கிள்களையும் பிரிக்கும் தடுப்பாகவும் இருக்கும். மூன்று மீட்டர் இல்லையென்றால் மரம் போக வேண்டியதுதான்.

மில்லிமீட்டர் அளக்கப் போன நாளில் காலையிலிருந்தே தூறல். முதல் பதினோரு மரங்களை ஒழுங்காக அளந்தார். அவற்றில் எட்டுக்கு இடம் இருந்தது, மூன்றுக்கு இல்லை. பதினோராவது மரம் சாலை வளைகிற இடத்தில் நின்றது. அங்கே இரண்டு மீட்டர் அறுபத்தெட்டு. வளைவுக்கு அப்பால் இன்னும் ஆறு மரங்கள். அந்த நேரத்தில் மழை வலுத்தது. அவர் காலில் புது ஷூ. மகள் முதன்முதலாக வேலைக்குப் போய் வாங்கிக் கொடுத்தது, போட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. நடைபாதைப் பள்ளங்களில் செம்மண் தண்ணீர் தேங்கி நின்றது. அவர் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடி வழியாக அந்த ஆறு மரங்களையும் பார்த்தார். இதே வரிசைதானே, இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. படிவத்தில் எழுதினார்: 2.66, 2.71, 2.64. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் நன்றாக இருக்காது என்று ஒவ்வொன்றையும் கொஞ்சம் மாற்றினார். ஒரு இடத்தில் எழுதியதை அடித்துத் திருத்தக்கூடச் செய்தார், நிஜமாக அளந்தது போல இருக்கட்டும் என்று. பிற்பாடு அவரை மிகவும் வதைத்தது அந்த அடித்தல் திருத்தல்தான். சோம்பல் யாருக்கும் வரும். அதற்கு இவ்வளவு அக்கறையாக வேஷம் கட்டியவர் யார் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார்.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வளைவுக்கு அப்பால், மரங்களுக்கு நேர் பின்னால் மதில் வரிசையிலேயே தையல் கடை வைத்திருந்த ஒரு அம்மாள் எழுந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கழுத்தில் டேப்பு தொங்கிக்கொண்டிருந்தது, கழற்றி வைக்க மறந்து வந்துவிட்டார் போலிருக்கிறது.

"எங்க கடைக்கு முன்னாடி இருக்கிற ஆறு மரத்துக்கும் இடம் இருக்குங்க. நான் அளந்து பாத்தேன். செவத்துலேருந்து டேப்பை ரெண்டு தடவை வச்சேன், அதுக்கப்புறமும் ஒரு ஜாண் மிச்சம் இருக்கு. டேப்பு ஒன்றரை மீட்டர். அப்போ மூணு மீட்டருக்கு மேலதானே?"

பொறியாளர் அம்மா அளந்தவர் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொல்ல அவருக்கு அந்த ஒரு நொடி கிடைத்தது. மறுபடி அளந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாலே போதும், மானமும் போயிருக்காது. ஆனால் மண்டபத்தில் நூறு பேர் இருந்தார்கள். அவர் மில்லிமீட்டர்.

"அம்மா, நீங்க வச்சிருக்கிறது சட்டை தைக்கிற டேப்பு. இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். ரோடுக்குக் காலர் வைக்கணும்னா கண்டிப்பா உங்களைக் கூப்பிடுறோம்."

மண்டபமே சிரித்தது. அந்த அம்மாள் கழுத்திலிருந்த டேப்பைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது மரங்களும் இரண்டே நாளில் வெட்டப்பட்டன. மூன்றாம் நாள், அடிமரங்களைத் தோண்டி எடுப்பதற்குக் குறி போட இவர் போனார். வளைவைத் தாண்டியதுமே நின்றுவிட்டார். மதில் சுவர் அந்த இடத்தில் உள்வாங்கியிருந்தது. வேனிலிருந்து பார்த்தபோது மரங்கள் அதை மறைத்துக்கொண்டிருந்தன. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் டேப்பை நீட்டினார். 3.21. அடுத்தது 3.24. கடைசி அடிமரம் வரைக்கும் போனார். ஆறில் ஒன்றுகூட மூன்று மீட்டருக்குக் கீழே இல்லை.

தையல்கார அம்மாள் கடையிலிருந்து வெளியே வந்து, "என்ன சார், இன்னும் அளக்க வேண்டியது இருக்கா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

இவர் டேப்பில் எண் தெரிந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தார். "இல்லம்மா, முடிஞ்சுது" என்றார்.

பாதை திறந்தது. நல்ல பாதை, அதில் சந்தேகமில்லை. சக்கர நாற்காலிகள் நடைபாதையில் போயின. நர்ஸுகள் சைக்கிளில் பேசிக்கொண்டே போனார்கள். இவருடைய மகள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். "இப்பதான்ப்பா அந்த ரோட்டுல பயமில்லாம போறேன்" என்றாள். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பொறியாளர் அம்மா எல்லார் முன்னாலும் இவர் கையைக் குலுக்கினார். இவர் தன் கேக்கைத் தொடாமல் மேஜையிலேயே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் மருத்துவமனைச் சாலை வழியாகப் போவதை நிறுத்தினார். பேருந்தை விட்டு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, மார்க்கெட் பின்பக்கமாகச் சுற்றி நடந்தார். உடம்புக்கு நல்லது என்று மனைவியிடம் சொன்னார். "திடீர்னு உடம்பு மேல என்ன அக்கறை?" என்று மனைவி கேட்டபோது சட்டைப் பொத்தானைத் தேடினார்.

நான்கு மாதம் இப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏதோ பேச்சுவாக்கில், வளைவுக்கு அப்பால் வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்ற மரங்களை விட்டது போல அங்கேயும் விட்டிருக்கலாம் என்றாள். இவருக்கு அடக்க முடியவில்லை. மழை, ஷூ, வேன், படிவம், மண்டபத்தில் அடித்த ஜோக் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கடைசியில், ஆறுதல் தேடுகிற குரலில் சொன்னார்:

"எப்படியோ, நீ இப்போ பத்திரமா போறியேம்மா. அது போதும்னு நினைச்சுக்கிறேன்."

மகள் எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தாள்.

"என்னை இதுல இழுக்காதீங்கப்பா. மரம் இருந்திருந்தாலும் பாதை அங்கேதானே வந்திருக்கும்? நான் பத்திரமாத்தானே போயிருப்பேன்? இன்னும் பத்திரமா போயிருப்பேன், நடுவுல மரம் இருந்திருக்கும். பாதையா மரமான்னு அந்த இடத்துல கேள்வியே இல்லப்பா. நீங்கதான் அந்தக் கேள்வியை உண்டாக்கிட்டீங்க."

பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "நான் வாங்கிக் கொடுத்த ஷூவா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அன்று சாப்பாட்டின்போது அவள் பேசவில்லை.

திங்கட்கிழமை அவர் பொறியாளர் அம்மாவின் அறைக்குப் போனார். நின்றுகொண்டே சொன்னார். பொறியாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"உங்க எண்ணை வச்சு நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "அந்த அம்மா சொன்னதை நானே போய்ப் பாத்திருக்கணும். அளந்தது நீங்கன்னு நம்பிட்டேன்."

திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, எழுதிக் கொடுத்தார். அளவுப் பிரிவிலிருந்து பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். கருவிப் பெட்டியை ஒப்படைத்த அன்றே தையல் கடைக்குப் போனார்.

கடையின் முன்பக்கம் முழுக்கப் பழைய போர்வை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலுக்காக. அப்படியும் ஜன்னலோரம் அடுக்கியிருந்த துணிகளில் மடிப்பு மடிப்பாகச் சாயம் வெளுத்திருந்தது. அந்த அம்மாள் ஒரு கால்சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இவர் சொல்லச் சொல்ல, கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது.

"மூணு மீட்டருக்கு மேலதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா. மூணு இருபத்தொண்ணு. நீங்க சொன்ன மாதிரியே ஒரு ஜாண் மிச்சம்."

அவர் கோபப்படுவார் என்று இவர் எதிர்பார்த்திருந்தார். அதற்குத் தயாராகவும் வந்திருந்தார். அந்த அம்மாள் மெல்லக் கேட்டார்:

"நான் அந்த டேப்பைத் தூக்கிப் போட்டுட்டேன் சார். தெரியுமா?"

இவருக்குப் புரியவில்லை.

"எத்தனையோ வருஷமா ரோடு அளக்கிறவர் சொல்றாரே, நம்ம டேப்புதான் நீண்டு போச்சு போலிருக்குன்னு நினைச்சேன். அதை வச்சுத்தானே இத்தனை பேருக்குத் தச்சோம், எல்லாம் தப்பாப் போயிருக்குமோன்னு பயந்துட்டேன். புதுசு வாங்கினேன். அதுலயும் நம்பிக்கை வரல. ஒவ்வொருத்தரையும் ரெண்டு தடவை, மூணு தடவை அளந்தேன். கை தடுமாறுது போல, வயசாயிருச்சுன்னு சிலபேர் வேற கடைக்குப் போயிட்டாங்க. என் பையன்கூடக் கடையை மூடிடலாமான்னு கேட்டான்."

இவர் ஆறு மரங்களைத்தான் வீழ்த்தினோம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒரு மனுஷியின் கையையே அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து, அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்ததால், உள்ளேயே போய்விட்டது.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்கம்மா."

"எங்கிட்டத் தனியா வந்து சொல்றீங்க. சிரிச்சவங்க நூறு பேரு. அங்கே போய்ச் சொல்லுங்க." அவர் கத்தரிக்கோலை எடுத்து மறுபடி தையலைப் பிரிக்கத் தொடங்கினார். "எனக்கு நாளைக்குக் கொடுக்க வேண்டிய துணி இருக்கு."

அடுத்து மார்க்கெட் தெருவில் பாதை போடுவதற்கான கூட்டம், அதே பள்ளி மண்டபத்தில். இவர் இப்போது அலுவலர்கள் வரிசையில் இல்லை. ஊர்க்காரர்களோடு பின்னால் உட்கார்ந்தார். கேள்வி நேரத்தில் எழுந்தார். முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"போன கூட்டத்துல தையல் கடை அம்மா சொன்னதுதான் சரி. நான் அந்த ஆறு மரத்தை அளக்கவே இல்லை. வேனுக்குள்ள உக்காந்து எழுதினேன். என் பொய்யை மறைக்க அவங்களைக் கேலி பண்ணினேன். நீங்க சிரிச்சது என் பேச்சை நம்பி. அவங்க டேப்பு சரியா இருந்துச்சு. தப்பா இருந்தது நான்."

ஒருவர் எழுந்து, இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறோம் பார் என்று கத்தினார். இன்னொருவர், அப்போ இந்தத் தெரு அளவை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டார். சரியான கேள்வி. பொறியாளர் அம்மா அங்கேயே எழுந்து, இனி ஒவ்வொரு மரத்தையும் அந்தத் தெருவாசி ஒருவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் முன்னால்தான் அளப்போம் என்று அறிவித்தார்.

இவர் கண்கள் அதற்குள் வரிசை வரிசையாக மண்டபத்தைத் துழாவிக்கொண்டிருந்தன. தையல்கார அம்மாள் வரவில்லை. கடையில் தைக்க வேண்டிய துணி இருந்திருக்கும். இவருக்கு ஏமாற்றமாக இருந்தது. அவர் பார்க்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் சொன்னோமா என்று அடுத்த கணமே தோன்றியது. உடம்பெல்லாம் கூசியது. உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

மார்க்கெட் தெருவில் பதினான்கு மரங்களில் பன்னிரண்டு தப்பின. அதில் இவர் பங்கு ஒன்றும் இல்லை. மகள் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள், முன்பு போல எல்லாவற்றையும் சொல்வதில்லை. தையல் கடைக்குப் பழைய ஆட்கள் சிலர் திரும்பி வந்ததாக மனைவி சொன்னாள். இவரும் மருத்துவமனைச் சாலை வழியாகவே அலுவலகம் போகிறார், சுற்றுவழியை விட்டுவிட்டார். வளைவைத் தாண்டியதும் அந்த அறுபது அடி தூரம் வெயில் நேராகத் தலையில் இறங்கும். குடை பையிலேயே இருக்கும், அவர் விரிப்பதில்லை. கடை வாசலில் அந்த அம்மாள் நின்றால் இவர் வணக்கம் சொல்வார். சில நாள் பதில் வணக்கம் வரும், சில நாள் வராது.