பந்தலுக்குப் பின்பக்கம் இருந்த அக்கா

அக்காவின் இந்த நினைவு மலரைப் பிரிக்கும் உறவினர்களில் பலர் அக்காவை ஏதாவது ஒரு கல்யாண வீட்டில்தான் கடைசியாகப் பார்த்திருப்பீர்கள். கூப்பிட்டாலும் வருவார், கூப்பிடாவிட்டாலும் வருவார். "சாப்பாடுன்னா உங்க அக்காவுக்கு மூக்குல வேர்த்துடும்பா" என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அக்கா போய் இன்றோடு ஒரு வருடம். அவர் எதற்காக வந்தார் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் உத்திரமேரூரில் தபால்காரன். மற்றவர்கள் எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் பழக்கம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருமுக்கூடலில். அப்பா குத்தகை நிலத்தில் பாடுபட்டார். பதினாறு வயதில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று, பத்தொன்பதில் தாலி போயிற்று. பிறகு செங்கல்பட்டில் நர்ஸ் வேலை கற்றுக்கொண்டு, உத்திரமேரூரில் பெருநோய் என்று சொல்லும் தொழுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் சிறிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். எனக்கும் அங்கேயே தபால் வேலை கிடைத்ததால் ஒரே வீட்டில் இருந்தோம்.

அந்த நோய்க்கு அப்போதுதான் நல்ல மாத்திரை வந்திருந்தது. வாரம் தவறாமல், வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும். வீடு உள்ளவர் வாரா வாரம் வந்து வாங்கிப் போவார். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர் என்ன செய்வார்? இன்று ஒரு சத்திரம், நாளை ஒரு கோயில் வாசல். கையில் கொடுத்த மாத்திரை மழையில் கரைந்துபோகும், இல்லாவிட்டால் மூட்டையோடு தொலைந்துபோகும். சீட்டில் ஊர் என்ற இடத்தில் எழுத ஒன்றும் இராது. தேடிப் போகவும் முடியாது.

"அதுங்களுக்கு வூடு இல்ல. ஆனா எந்த ஊர்ல என்னிக்கு சோறு போட்றாங்கன்னு நமக்கு முன்னாடி அதுங்களுக்குத் தெரியும். நாம அங்க போனா போதும்டா" என்றார் அக்கா.

தினமும் சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்துவதற்குள், "இன்னிக்கு யார் வூட்டுப் பத்திரிக வந்துகீது?" என்று கேட்பார். மஞ்சள் தடவிய பத்திரிகைகள் என்னென்ன வந்தன என்று சொல்வேன். அந்தந்த நாளில் மாத்திரையும் கட்டுத்துணியும் வைத்த தகர டப்பாவோடு கிளம்பிவிடுவார். தாலியில்லாதவர் கல்யாண வீட்டு முன்வாசலில் நிற்கக் கூடாது என்பார்கள். அக்காவுக்கு அது வசதியாகப் போயிற்று. அவருக்கு வேலை பந்தலுக்குப் பின்பக்கம், எச்சில் இலை விழும் இடத்தில். அங்கே காத்திருப்பவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டுவார். மாத்திரையை விழுங்கிய பிறகுதான் சோற்றில் கை வைக்க விடுவார். சாப்பாட்டுக்கு அலைகிறார் என்று நாம் சொன்ன அக்கா எந்தப் பந்தலிலும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இனி என் சங்கதி. மானாம்பதியில் என் மைத்துனியின் கல்யாணம். மாமனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. அதுங்க எப்பவும் வரும், போட்றத வாங்கிக்கினு போய்டும். உங்க அக்கா வந்தா உக்கார வச்சி கட்டுப் போடுது. சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்தா இன்னா ஆவறது?"

நான் வீட்டுக்கு வந்து, கல்யாணம் திருப்பதியில் நடக்கிறது, நாலு பேர்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அக்கா நம்பினார். "பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றார்.

கல்யாணத்தன்று சோற்று வாளியோடு பின்பக்கம் போனேன். தாமல் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தாமலில் பிள்ளைகள் துரத்திவிட்டதால் எங்கள் பக்கம் வந்தவர்; அதனால் அந்தப் பெயர். அக்கா ஒரு மாதமாக அவரைத் தேடிக்கொண்டிருந்தார். காலில் அழுக்குத் துணி சுற்றி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா வர்லியா நைனா?"

"வருவாங்க, வருவாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். பந்தல் பிரிக்கும்போதும் அவர் உட்கார்ந்திருந்தார். இலையில் சோறு அப்படியே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு ஊரில் அக்கா அவரைக் கண்டுபிடித்தபோது புண் எலும்புவரை போயிருந்தது. செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்க் காலை எடுக்க வேண்டியதாயிற்று. மானாம்பதி விஷயத்தை அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா என்னைத் திட்டவில்லை. "ஊருக்கெல்லாம் தபால் குடுக்கற. எனக்கு ஒண்ணு குடுக்கலியேடா" என்றார். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல யார் வீட்டுப் பத்திரிகை என்று கேட்டார். அதன் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

போன வருடம் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் படுத்திருந்தார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது, "டப்பாவ ஈரம் படாம வையிடா" என்பதுதான். நான் கொள்ளி வைத்தேன். எல்லோரும் அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் எல்லோரும் முன்பக்கம் இருந்தீர்கள். பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இங்கே சோறு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். யார் வீடு, யாருடைய காரியம் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் பரிமாறினேன். ஒருவரும் சோற்றைத் தொடவில்லை. ஊன்றுகட்டையைப் பக்கத்தில் கிடத்தியிருந்த தாமல் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா வர்லியா நைனா? மாத்திர போடாம கைய வைக்க உடாதே அது."

"பெரியவரே, இது அக்காவோட காரியம்தான். அக்கா இல்ல" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. "அன்னிக்கி வருவாங்கன்னு சொன்ன, வர்ல. இன்னிக்கி இல்லன்ற. அது வந்துடும், நீ போ" என்று கைகட்டிக்கொண்டு இலைக்கு முன்னால் காத்திருந்தார். நான் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். டப்பா உள்ளேதான் இருந்தது. யாருக்கு எத்தனை மாத்திரை என்று எனக்குத் தெரியாது.

கட்டுப் போடத் துணி கொடுத்து, கடைசியில் அக்காவைத் தம் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜவுளிக்கடை பாய்க்கும், மூன்று வாரமும் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், எந்தக் கல்யாணத்திலும் அக்கா கேட்பதற்கு முன்பே ஒரு குடம் வெந்நீர் எடுத்துவைத்த சமையல்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் கல்யாணமோ காரியமோ எது நடந்தாலும் அக்கா பெயருக்கு ஒரு பத்திரிகை போடுங்கள். ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு, டப்பாவோடு நானே வருகிறேன். பின்பக்கமாகவே வந்துவிட்டுப் போகிறோம்.