எது தாங்குகிறது?

மலையூரான கம்போங் ராஜாவில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களோடு என் வேனில் ஏறிய அந்த அம்மா, கடலடித் தரையை ஆராய்கிறவர். குட்டையாக வெட்டிய நரைமுடி. பேசும்போதெல்லாம் இடது உள்ளங்கையை வலது கைக்கு அடியில் வைத்து மெல்லத் தூக்குவார். எரிமலை கிளம்பும் இடத்தைச் சுற்றிக் கடல்தரை பரந்த மேடாக உயர்ந்து நிற்கிறதாம். அதை எது தாங்குகிறது என்று தேடுவதுதான் அவருடைய வேலை.

அடுத்த ஊரான திரிங்காப்பை எட்டுவதற்குள் மழை வலுத்தது. முன்னால் மண் சரிந்து சாலை அடைபட்டது. நான் வேனைத் தேயிலை மேட்டோரம் நிறுத்தினேன். காய்கறித் தோட்டத்துக்குக் கீழே நிறுத்த மாட்டோம், தேயிலைக்குக் கீழே நிறுத்துவோம். அது எங்கள் டிரைவர்களின் வழக்கம்.

மேலிருந்து கல் ஒன்று கூரையில் விழுந்தது. அந்த அம்மா இறங்கக் கதவைத் திறந்தார்.

"ஒண்ணும் ஆகாது லா, அக்கா. தேயிலை வேர் மண்ணப் புடிச்சுக்கும்" என்றேன்.

"வேர் எவ்வளவு ஆழம் போகுது, அண்ணே?"

எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது. "உங்க கடல் மேட்ட எது தாங்குதுன்னு மட்டும் தெரியுமா?"

"அடியிலேருந்து சூடான பாறை மேல வந்து தூக்குதுன்னு நான் நினைக்கிறேன். கடல்தரைத் தட்டே சூட்டுல மெலிஞ்சு மிதக்குதுன்னு சிலர் சொல்றாங்க. இன்னும் முடிவாகல. ஆனா அதுக்குக் கீழ யாரும் வேன நிறுத்தலியே."

மழையில் இறங்கி நடந்தார். பெண்களும் பின்னாலேயே இறங்கினார்கள். கடைசியாக நான்.

அந்த மேடு சரியவில்லை. இன்றும் பச்சையாக நிற்கிறது. அந்த அம்மாவின் பயத்தைச் சொல்லி மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் மழை வந்தால் அங்கே நிறுத்துவதில்லை.