ஏழு கட்டைவிரல்கள்

பழைய கைபேசியை இன்னும் தூக்கிப் போடவில்லை. அதிலுள்ள வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தி ஒன்று: "இரண்டு யூனிட் ரத்தம் தயார். உடனே எடுத்து வரவும்." கீழே ஏழு மஞ்சள் கட்டைவிரல்கள்.

செங்கல்பட்டில் நான் டாக்டராக முதலில் சேர்ந்த மருத்துவமனையில் அந்தக் குழுவைத் தொடங்கியதே நான்தான். பிரசவ வார்டு ஒரு கட்டடம், ரத்த வங்கி இன்னொன்று. நடுவே வெயில் கொளுத்தும் மைதானம். யார் யாரிடம் சொன்னார்கள் என்று தினமும் சண்டை. சேர்ந்த இரண்டாம் வாரமே டாக்டர்கள், நர்சுகள், ரத்த வங்கி லேப் ஆட்கள் எல்லோரையும் குழுவில் போட்டேன். இனி ஒரே செய்தி போதும் என்று எனக்கு ஒரே பெருமை.

அன்று நண்பகல். மாமல்லபுரத்திலிருந்து வந்திருந்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெரிய டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார். ரத்தம் தயார் என்று லேபிலிருந்து போன் வந்ததும், நான் ஒரு கையால் சலைன் பையைப் பிழிந்தபடி மறுகையால் குழுவில் செய்தி அனுப்பினேன். டக்டக்கென்று விரல்கள் ஏறின. எனக்கு நிம்மதி. பத்து நிமிடம் போனது. பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. தாகம் என்றவள், பிறகு அதையும் சொல்லவில்லை. ரத்தம் எங்கே என்று பெரிய டாக்டர் கேட்டார். லேப் அனுப்பும் என்று நர்சுகள் இருந்தார்கள். வார்டிலிருந்து வருவார்கள் என்று லேப் இருந்தது. செய்தியைப் பார்த்துவிட்டோம் என்பதற்கு மட்டும்தான் அந்த ஏழு விரல்களும்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வாசல் ஸ்டூலில், ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வார்டு உதவியாளர் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு அவர் அண்ணாத்த. எப்போதும் ரத்தம் எடுத்து வருபவர் அவர்தான். அவரைக் குழுவில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். "இன்னா டாக்டரு, நான் இங்கயேதான குந்திகினு கீறேன். எட்டிப் பாத்து ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?" திரும்பிப் பார்க்காமலே கேட்டார். செருப்பை விட்டுவிட்டு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பிழைத்தாள். நான்தான் பல நாள் அந்தப் பத்து நிமிடத்திலேயே கிடந்தேன். மறுநாள் அண்ணாத்தயைக் குழுவில் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். "வுடு டாக்டரு, அந்தப் பொண்ணு பொழச்சிகிச்சி இல்ல?" என்றார். அவர் ஒருநாளும் விரல் காட்டியதில்லை. வேகநடையில் மூச்சு வாங்க, நான்கு நொடிக் குரல் பதிவு வரும்: "கெளம்பிட்டேன்." கொஞ்ச நாளில் நர்சுகளும் லேப் ஆட்களும்கூட அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

இப்போது சிறுசேரிப் பக்கம் வேறு மருத்துவமனை, வேறு குழு. அவசரச் செய்தி போட்டால் இங்கேயும் சடசடவென்று விரல்கள் வருகின்றன. நான் எண்ணுவதில்லை. கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, கிளம்புகிறவர் யார் என்று கதவைத் திறந்து பார்க்கிறேன்.