ஏரிக்கரைக்கு அழைத்துப்போனவர்

மலையூரான பெரகலையில் நான் ஏறிய ஆட்டோவின் சாரதி நரைத்த மீசைக்காரர். மலைகளுக்கு நடுவே இருந்த ஏரிக்கு வந்ததும் வண்டியைத் திருப்பி நிறுத்தி, தண்ணீருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க பாக்க வரலையா அண்ணே?"

"முந்தி இங்க ஏரி கெடையாதுங்க. தேயிலைத் தோட்டத்து ஆளுங்க நாங்க இருந்த லயத்து வீடுங்களும் ஓடையும்தான். ஒரு மழையில மலை சரிஞ்சு ஓடைய அடைச்சிருச்சு. வீடுங்க மேலயே தண்ணி தேங்கிருச்சு. எம் மகள எடுக்க முடியல."

"அப்புறம் ஏன் ஆளுங்கள இங்க கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டேன்.

"என்னால பாக்க முடியலங்க. வர்றவங்களாவது கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போகட்டும். புள்ள தனியா கெடக்குது."

நான் கரைக்கு இறங்கிப்போய், இருட்டும்வரை தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். அவர் ஒருமுறைகூட என்னை அவசரப்படுத்தவில்லை.